ஊருக்குள்ளேயே ஓய்வு: சென்னை நட்சத்திர ஹோட்டலில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

நாலு நாள் லீவு போட்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் உடம்பு ஓய்வு கேட்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கும், ஒரு வேலையாகச் சென்னைக்கு வந்து கூட ஒருநாள் தங்க முடிகிறவர்களுக்கும், நல்ல நட்சத்திர ஹோட்டலில் ஓர் இரவு என்பது அருமையான ஏற்பாடு. கைக்குழந்தையோடு ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காத தம்பதி, அறுபதாம் கல்யாணம் முடித்த அப்பா அம்மா, முப்பது வருடமாக ஒருநாள்கூட அடுப்படியை விட்டு விலகாத அத்தை, இவர்களுக்கெல்லாம் நகைக்கடைப் பரிசைவிட இது பெரிய பரிசு.

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் பகல் 2 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் பகல் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். சில இடங்களில் 3 மணிக்குத் தந்து 11 மணிக்கே கேட்பார்கள். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது 20 முதல் 22 மணி நேரம். நாளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ராத்திரி எங்கே சாப்பிடுவது என்பது வரை, எல்லா முடிவையும் இந்த நேரத்தை வைத்தே எடுங்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் போனதைவிட அதிகக் களைப்போடு திரும்புகிறார்கள்.

நாள் பார்ப்பது

சென்னையின் பெரிய ஹோட்டல்கள் அலுவலக வேலையாக வருபவர்களை நம்பி நடப்பவை. திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் நிரம்பும், வாடகையும் ஏறும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் இறங்கும். ஞாயிறு இரவு பெரும்பாலும் இன்னும் மலிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. திங்கட்கிழமை ஒருநாள் லீவு போட முடிகிறவர்கள் ஞாயிறு பகலில் போய்த் திங்கள் பகலில் திரும்புவதுதான் என் முதல் சிபாரிசு.

அடுத்து, காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களைப் பாருங்கள். நட்சத்திர ஹோட்டல்களின் பெரிய ஹால்களில் கல்யாணமும் ரிசப்ஷனும் நடக்கும். வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்து நீங்கள் போய் நின்றால் லாபி முழுக்கக் கல்யாணக் கூட்டம், லிஃப்டுக்குக் காத்திருப்பு, காலைச் சாப்பாட்டுக்கு வரிசை, ராத்திரி பதினொரு மணி வரை பாட்டுச் சத்தம். அதனால் ஆடி மாதம் மிக நல்ல மாதம். கல்யாணங்கள் இல்லை, ஹோட்டல் அமைதியாக இருக்கும், சலுகை வாடகையும் அடிக்கடி கிடைக்கும். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான். ஆனால் சங்கீத சீசனுக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும் காலம் அது, வாடகை உச்சத்தில் இருக்கும். ஐ.பி.எல். சமயத்தில் சேப்பாக்கத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த நாளாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்குப் போன் செய்து, "அன்னைக்கு பெரிய விசேஷம் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்வார்கள். இருக்கிறது என்றால் வேறு நாள் பார்ப்பதுதான் நல்லது.

எந்த ஹோட்டல், யாருக்கு

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யார் உடன் வருகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழமையின் மேல் பிரியம் உள்ளவர்களுக்கு ஸ்பென்சர் பிளாசாவுக்கு அருகே, பின்னி சாலையில் இருக்கும் தாஜ் கன்னிமாரா. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த இடத்தில் ஹோட்டல் நடக்கிறது. 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கியது. நீச்சல் குளத்தை ஒட்டிய பகுதியை 1970களில் வடிவமைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் செட்டிநாட்டுச் சாப்பாடு பரிமாறும் 'ரெயின்ட்ரீ' உணவகமும் இங்கேதான். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருப்பதால் கார் இல்லாமலே போய்விடலாம்.

கிண்டியில் இருக்கும் ஐ.டி.சி. கிராண்ட் சோழா 2012இல் திறந்தது. 600 அறைகள். சோழர் கோயில் கட்டடக் கலையை மனதில் வைத்துக் கட்டிய தூண்களும் படிக்கட்டும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சுத்த சைவர்களுக்கு 'ராயல் வேகா' என்று தனிச் சைவ உணவகமே உண்டு. ஆனால் இடம் மிகப் பெரியது. லிஃப்டிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து சாப்பாட்டுக்கு என்று நிறைய நடக்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் லிஃப்டுக்குப் பக்கத்து அறையை முன்பே கேட்டு வாங்குங்கள், சக்கர நாற்காலி வேண்டுமென்றாலும் சொல்லிவையுங்கள்.

கடல் வேண்டும் என்றால் எம்.ஆர்.சி. நகரில் உள்ள லீலா பேலஸ். இங்கே கடல் பார்த்த அறை, நகரம் பார்த்த அறை என்று வாடகை வேறுபடும். கிழக்கே கடல் என்பதால் விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் விழும். சூரிய உதயம் பார்க்க ஆசைப்பட்டால் அந்த அறை, எட்டு மணி வரை தூங்க ஆசைப்பட்டால் ராத்திரியே கனத்த திரையை இழுத்து மூடிவிட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1974 முதல் இருக்கும் தாஜ் கோரமண்டல் இன்னொரு நல்ல தேர்வு. தென்னிந்தியச் சாப்பாட்டுக்கென்றே அங்குள்ள 'சதர்ன் ஸ்பைஸ்' பெயர் பெற்றது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் பாத்டப் இல்லாத, தரையோடு தரையாகக் குளிக்கும் ஷவர் உள்ள அறையா என்று கேட்டுவிட்டுத்தான் புக் செய்ய வேண்டும். சில அறைகளில் பாத்டப்புக்குள்ளேயேதான் ஷவர் இருக்கும். அந்த உயரமான விளிம்பைத் தாண்டி ஈரக்காலோடு ஏறி இறங்குவது எழுபது வயதுக்காரருக்கு ஆபத்து. அழகான அறையும் கடல் காட்சியும் இதற்கு அப்புறம்தான்.

புக் செய்வதும் வரிக் கணக்கும்

முன்பதிவு ஆப்களில் விலையைப் பாருங்கள், பிறகு அந்த ஹோட்டலின் சொந்த இணையதளத்திலும் பாருங்கள். இலவசமாக உறுப்பினராகச் சேர்ந்தால் கொஞ்சம் தள்ளுபடி தரும் ஹோட்டல் குழுமங்கள் உண்டு. விலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நேரடியாக ஹோட்டலிலேயே புக் செய்வது மேல். தேதி மாற்ற, கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்க, நல்ல மாடியில் அறை கேட்க, எல்லாவற்றுக்கும் அது வசதி.

விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூன்று விஷயங்களைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம். ஒன்று, கேன்சல் செய்தால் பணம் திரும்புமா. மிக மலிவாகத் தெரியும் வாடகை பெரும்பாலும் திரும்பாத வாடகைதான். இரண்டு, காலைச் சாப்பாடு சேர்ந்ததா. இரண்டு பேருக்கு அங்கே போய்த் தனியாகக் காலை பஃபே வாங்கினால் நல்ல தொகை ஆகும், அதனால் சேர்த்தே வாங்கிவிடுவதுதான் லாபம். மூன்றாவது, வரி சேர்ந்த விலையா, சேராத விலையா.

இந்த வரியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இங்கேதான் பலருக்குத் திடுக்கிடல் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறையின் ஒருநாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அந்த 7,500 வரம்பைத் தாண்டினால் மொத்த வாடகைக்குமே 18தான். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968 ரூபாய். வாடகை வித்தியாசம் 200, கையிலிருந்து போகும் வித்தியாசம் ஏறக்குறைய 1,200. ஆகவே 7,500க்குச் சற்று மேலே ஓர் அறையைப் பார்த்தால், ஒருநாள் முன்னே பின்னே தள்ளினால் வரம்புக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். 12,000 ரூபாய் அறை என்றால் 14,160 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களிலும் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 18 சதவீதம்தான். மெனுவில் போட்டிருக்கும் விலையில் அது சேர்ந்திருக்காது.

குழந்தைகளுக்கு எத்தனை வயது வரை தனிக்கட்டணம் இல்லை என்பது இடத்துக்கு இடம் மாறும். எக்ஸ்ட்ரா பெட் போட்டால் தனிப்பணம். பெரியவர்கள் இருவருக்கு ஒரே பெரிய கட்டிலா, இரண்டு தனிக் கட்டில்களா என்பதையும் புக் செய்யும்போதே தேர்வு செய்யுங்கள்.

புக் செய்த மறுநாள் ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்கள். மேல் மாடி, சாலையைப் பார்க்காத பக்கம், (நடக்கச் சிரமப்படுபவர்கள் உடன் வராவிட்டால்) லிஃப்டை ஒட்டாத அறை, அடுத்த அறைக்குப் போக நடுவில் கதவு இல்லாத அறை என்று கேளுங்கள். அந்த நடுக்கதவு பூட்டியே இருந்தாலும் பக்கத்து அறை டி.வி. சத்தம் அது வழியாகத்தான் வரும். கல்யாண நாள், பிறந்த நாள் என்றால் அதையும் சொல்லுங்கள். பல இடங்களில் ஒரு சின்ன கேக்கோ பூக்களோ வைப்பார்கள்.

பையில் என்ன

குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, சீப்பு, பல் துலக்கும் செட், துண்டு எல்லாம் அங்கே உண்டு, வைத்திருக்காவிட்டால் போனில் கேட்டால் கொண்டுவருவார்கள். இஸ்திரிப் பெட்டியும் கிடைக்கும். மாத்திரைகளை மறக்க வேண்டாம்.

நீச்சல் உடையை மட்டும் கவனமாக எடுத்து வையுங்கள். பருத்தி பனியன், டிராயர், சுடிதாரோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா உடைதான் வேண்டும், சில இடங்களில் தலைக்குத் தொப்பியும் கேட்பார்கள். உடம்பை முழுக்க மூடும் நீச்சல் உடை பெண்களுக்கு இப்போது விளையாட்டுச் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அம்மாவுக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள். கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் போனையும் பார்த்துக்கொள்ளும் வேலை அவர்களுக்கு இங்கேயும் வேண்டாம்.

தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும், ஒருவருடையது போதாது. ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இல்லாததால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஆதார் நகல் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுங்கள்.

வாசலிலிருந்து அறை வரை

காரில் போனால் நுழைவாயிலில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அடியில் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பைகள் ஸ்கேனரில் போகும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தச் சோதனை எல்லாப் பெரிய ஹோட்டல்களிலும் வழக்கமாகிவிட்டது, யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. ஆட்டோவிலோ பைக்கிலோ போய் இறங்கினாலும் அதே மரியாதைதான், கூச்சப்பட ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்தால் காரை அவர்களே நிறுத்துவார்கள், அந்த டோக்கனைப் பத்திரமாக வையுங்கள்.

ரிசப்ஷனில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதன் கூடவே ஒரு முன்பணம் கேட்பார்கள். வாடகையை முழுதாகக் கட்டியிருந்தாலும் கேட்பார்கள். அறையில் நீங்கள் சாப்பிடுவது, துணி வெளுப்பது போன்ற செலவுக்கான பிடிமானம் அது. கிரெடிட் கார்டு கொடுத்தால் அந்தத் தொகையைக் கணக்கில் நிறுத்தி மட்டும் வைத்து, கிளம்பும்போது விடுவிப்பார்கள். டெபிட் கார்டில் பணம் கணக்கிலிருந்தே போய், திரும்ப வரச் சில வேலை நாட்கள் ஆகும். மாதக் கடைசியில் போகிறீர்கள் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

12 மணிக்கே போய்விட்டால் அறை தயாராக இருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் பைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை என்றால் முன்கூட்டியே கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மற்ற நாட்களில் கேட்டுப் பார்க்கலாம், சிரித்த முகத்தோடு கேட்டால் பாதித் தடவை கிடைத்துவிடும்.

அறைக்குள் முதல் அரை மணி

கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில், சாவியாகத் தந்த கார்டைச் செருகினால்தான் விளக்கும் ஏ.சி.யும் வேலை செய்யும். பையைக் கொண்டுவருபவரிடம் ஏ.சி.யை எப்படிக் கூட்டிக் குறைப்பது, எந்த ஸ்விட்ச் எல்லா விளக்கையும் அணைக்கும், ஷவரில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். இவை ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறாக இருக்கும், தினமும் பயணம் செய்கிறவர்களும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுக்கையிலிருந்து ஒற்றை விளக்கை அணைக்கத் தெரியாமல் எழுந்து தேடுவதைவிட இது மேல்.

கெட்டிலும் டீ, காபித் தூள் பொட்டலங்களும் இலவசம். தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். மேசை மேல் இருக்கும் தண்ணீர் பாட்டில்களில் இலவசம் என்று எழுதியிருக்கும். குட்டி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சாக்லெட், முந்திரி, குளிர்பானம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பணம் உண்டு, விலைப்பட்டியல் அங்கேயே இருக்கும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

குளியலறையில் வாளியும் குவளையும் இருக்காது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஷவரில் குளித்த திருப்தியே வராது. அறைகளைக் கவனிக்கும் ஹவுஸ்கீப்பிங் பிரிவைப் போனில் கூப்பிட்டு "ஒரு பக்கெட், மக், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்" என்று கேளுங்கள். கேட்பவர்கள் நிறையப் பேர் என்பதால் பெரும்பாலும் தயாராகவே வைத்திருப்பார்கள். வழுக்காத ரப்பர் விரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். ஷவர் திறக்கும் முன் திரை இருந்தால் அதன் கீழ்நுனியை டப்புக்கு உள்பக்கமாக விடுங்கள், வெளியே விட்டால் தரை முழுக்கத் தண்ணீர். தரையில் போட்டு மிதிக்கத் தனியாகக் கனமான துண்டு ஒன்று மடித்து வைத்திருப்பார்கள்.

மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டு கொண்டுபோவது நல்லது. அங்கே எல்லாமே வெள்ளை, போகாத கறைக்குப் பணம் கேட்கும் இடங்கள் உண்டு. விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அறையில் ஏற்ற வேண்டாம். கூரையில் புகை உணரும் கருவி இருக்கிறது, அலாரம் அடித்தால் மாடி முழுக்க ஆள் ஓடிவரும். அறைச் செருப்பை எடுத்துப் போகலாம், சோப்பு பொட்டலங்களையும் எடுக்கலாம். துண்டும் குளியல் அங்கியும் ஹோட்டலுடையவை.

படுக்கை விரிப்பைக் கட்டிலுக்கு அடியில் இறுக்கிச் செருகியிருப்பார்கள். நாலு பக்கமும் இழுத்துத் தளர்த்திவிட்டுப் படுங்கள், கால் நீட்ட இடம் வரும். தலையணை உயரமாக இருந்தால் மெல்லியது கேட்கலாம், குளிரெடுத்தால் இன்னொரு கம்பளி கேட்கலாம். ஏ.சி.யை 24இல் வைத்தாலே அந்த அறைகளுக்குப் போதும்.

இதற்கு அப்புறம் கதவில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையை மாட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். உண்மையாகவே சொல்கிறேன். பகல் மூன்றரைக்குத் திரை மூடிய, சத்தமில்லாத, யாரும் காலிங்பெல் அடிக்காத அறையில் வரும் தூக்கம் வீட்டில் கிடைக்காது. உங்கள் 22 மணி நேரத்தில் மிக விலை உயர்ந்த பகுதி இதுதான், இதை ஷாப்பிங் மாலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

குளமும் மசாஜும்

சனி, ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பின் குளம் நிறையப் பிள்ளைகள். அமைதியாக நீந்த வேண்டும் என்றால் குளம் திறந்த முதல் ஒரு மணி நேரமும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பின்னும்தான். ஏப்ரல், மே மாதப் பகலில் திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் சுடும். ஆழம் எங்கே எவ்வளவு என்று பலகை இருக்கும், பிள்ளைகளை இறக்கும் முன் படியுங்கள். உயிர்காப்பாளர் இருந்தாலும் ஒரு பெரியவர் கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும்.

மசாஜ் பல ஆயிரம் ரூபாய் ஆகும். வேண்டுமென்றால் போகும் முன்பே நேரம் குறித்துவிடுங்கள், சனி மாலை நேரம் முதலில் தீர்ந்துவிடும். இரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். செய்பவர் ஆணா பெண்ணா என்பதையும் நீங்களே கேட்டுத் தீர்மானிக்கலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய நீராவி அறையைக் கேளுங்கள். பல ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு அது இலவசம், கேட்காததால் பலர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

சாப்பாடு

ராத்திரிச் சாப்பாட்டுக்கு பஃபே போகாதீர்கள் என்பது என் கருத்து. மறுநாள் காலையில் எப்படியும் பஃபேதான். ராத்திரி அந்த ஹோட்டல் எதற்குப் பெயர் பெற்றதோ அந்த உணவகத்தில் மேசை சொல்லி வைத்து, இரண்டு மூன்று பதார்த்தம் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஒரு குழம்பு இரண்டு பேருக்குத் தாராளமாக வரும், பரிமாறுபவரிடம் அளவைக் கேட்டே ஆர்டர் செய்யுங்கள். காரம் குறைக்க, பூண்டு வெங்காயம் இல்லாமல் செய்ய, குழந்தைக்குத் தயிர்சாதம் பிசைந்து தர, எல்லாவற்றையும் கேட்கலாம். தண்ணீர் கேட்கும்போது பாட்டில் தண்ணீரா சாதாரணத் தண்ணீரா என்பார்கள். பாட்டிலுக்குத் தனி விலை.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று சேர்த்திருந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மென்மையாகச் சொன்னாலே எடுத்துவிடுவார்கள். பரிமாறியவருக்கு நீங்களாக டிப்ஸ் கொடுப்பது வேறு. நன்றாகக் கவனித்தவருக்குக் கையில் கொடுங்கள், அறையைச் சுத்தம் செய்பவரையும் மறக்காதீர்கள். நாம் பார்க்காத நேரத்தில் வந்து நம் ஈரத் துண்டை எடுத்துப் போகிறவர் அவர்தான்.

காலை பஃபே பெரும்பாலும் ஆறரை, ஏழுக்குத் தொடங்கிப் பத்தரை வரை. ஒன்பதிலிருந்து பத்து வரை நெரிசல், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மூடிபோட்ட பாத்திரத்தில் காத்திருக்கும் இட்லி வடையைவிட, கண்ணெதிரே கல்லில் வார்த்துத் தருவதுதான் ருசி. தோசைக்கல் பக்கம் போய், நெய் ரோஸ்டா, பொடி தோசையா, முறுகலா மெத்தென்றா என்று சொல்லி, அறை எண்ணைச் சொன்னால் மேசைக்கே வரும். காபி இயந்திரத்தில் பிடிக்காமல், "ஃபில்டர் காபி, டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலா" என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாலு முறை எடுப்பது தவறே இல்லை, தட்டில் குவித்து வீணாக்குவதுதான் தவறு. பஃபேயிலிருந்து பொட்டலம் கட்டக் கூடாது. ஆனால் விடியற்காலை ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியிருந்தால் முந்தின ராத்திரியே சொல்லுங்கள், காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டித் தருவார்கள்.

கிளம்பும் நாள்

கூடுதல் நேரம் வேண்டுமானால் முந்தின சாயங்காலமே ரிசப்ஷனில் கேட்டு வையுங்கள். மதியம் ஒன்று, இரண்டு மணி வரை சும்மா தருவது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. திங்கட்கிழமை காலி செய்பவர்களுக்கு இது சனி, ஞாயிறைவிடச் சுலபமாகக் கிடைக்கும்.

பில்லையும் ராத்திரியே ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எடுக்காத குளிர்பானம், வேறு மேசையின் சாப்பாடு என்று தவறு நேர்வது உண்டு. காலைப் பரபரப்பில் கண்டுபிடித்து வாதாடுவதைவிட ராத்திரி நிதானமாகச் சொன்னால் உடனே திருத்துவார்கள். கிளம்பும்போது முழு பில்லை மெயிலிலும் வாங்கிக்கொள்ளுங்கள், முன்பணம் விடுவித்ததற்கான சீட்டையும் சேர்த்து. லாக்கர், கட்டிலுக்கு அடி, குளியலறைக் கொக்கி, சார்ஜர் செருகிய இடம், இந்த நாலையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அறையைக் காலி செய்த பிறகும் பைகளை வாசலில் இருக்கும் பெல் டெஸ்கில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். கேட்டால் குளத்தையும் உடை மாற்றும் அறையையும் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் பயன்படுத்த விடும் இடங்கள் உண்டு. ராத்திரி ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.